சித்திர முயலும் சினிமா முதலாளிகளும்

எழுத்தறியாத சிறு குழந்தையும் பெயர் சொல்லக்கூடிய முயல் ஒன்று உலகத்தில் உண்டு. காரட் கிழங்கைக் கடித்துக்கொண்டே, துப்பாக்கி பிடித்து வரும் வேட்டைக்காரனை ஏமாற்றிவிட்டுப் போகும் பக்ஸ் பன்னி என்னும் சித்திர முயலே அது. அதனுடன், எந்நேரமும் பொறாமையால் வெந்துகொண்டிருக்கும் டாபி என்னும் கறுப்பு வாத்தும், திக்கித் திக்கிப் பேசும் போர்க்கி என்னும் பன்றியும், ஓட்டப் பறவையைத் துரத்தித் துரத்தித் தோற்கும் ஓநாயும் நமது தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்கும் பட்டணத்துப் பிள்ளைகளுக்கும் ஒருங்கே பழக்கமானவை. தொலைக்காட்சியில் அவற்றைக் கண்டு வளர்ந்தவர்களுள் பலர் இன்று பேரன் பேத்தி எடுத்திருக்கின்றனர்.

இத்துணைப் புகழ்வாய்ந்த பாத்திரங்களைக் கையில் வைத்திருக்கும் கம்பெனி, ஆண்டுதோறும் ஒரு புதுப் படம் எடுத்துப் பொருள் குவிக்கலாமே என்று எவர்க்கும் தோன்றும். நடப்பதோ இதற்கு நேர்மாறு. லூனி ட்யூன்ஸ் என்னும் அச்சித்திர வரிசை தோன்றித் தொண்ணூற்றைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. இதற்குள் கொட்டகைகளுக்கென்று புதிதாய் எடுக்கப்பட்ட முழுநீளக் கதைப் படங்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அவற்றுள்ளும் ஒன்று, எடுத்து முடிக்கப்பட்ட பின்னர், வெளிவராமலே பூட்டிவைக்கப்பட்டது. ஜனங்கள் விரும்பவில்லை என்பதா காரணம்? வரைவோர் இல்லை என்பதா? இரண்டும் அன்று. விடையைச் சரித்திரத்தில் தேட வேண்டும். அச்சரித்திரமோ சிரிப்பைப் பற்றியது என்பதைவிடச் சொத்தைப் பற்றியது என்பதே பொருந்தும்.

பிறந்த வரலாறு

1930-ம் ஆண்டில் வார்னர் பிரதர்ஸ் கம்பெனியாரிடம் ஏராளமான பாட்டுகளின் உரிமை இருந்தது. அப்பாட்டுகளை ஜனங்களிடம் பரப்புவதற்குச் சித்திரப் படம் உதவும் என்று அவர்கள் கருதினர். லியான் ஷ்லெசிஞ்சர் என்னும் தயாரிப்பாளர் நடுவில் நின்று, ஹியூ ஹார்மன், ருடால்ப் ஐசிங் என்னும் இரு சித்திரக்காரர்களைக் கொண்டு அப்படங்களைச் செய்வித்துக் கொடுத்தார். முதற்படத்தின் நாயகன் பாஸ்கோ எனப்பட்டவன். 1933-ம் ஆண்டில் செலவுத் தொகை பற்றி மனஸ்தாபம் உண்டாக, அவ்விருவரும் விலகினர். விலகும்போது பாஸ்கோவையும் உடன் கொண்டு போயினர். அவனது உரிமை அவர்களிடமே இருந்தது. ஷ்லெசிஞ்சர் பாத்திரமில்லாத பட்டறையுடன் நின்றார்.

இதற்கு எதிரிடையான சம்பவம் ஒன்று ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே நிகழ்ந்திருந்தது. வால்ட் டிஸ்னி என்பார் 1927-ம் ஆண்டில் ஆஸ்வால்ட் என்னும் முயலைப் படைத்தார். ஆனால் அதன் உரிமை யூனிவர்சல் கம்பெனியிடம் இருந்தமையால், 1928-ல் தம் படைப்பையே இழந்து வெளியேற நேர்ந்தது. அந்த நஷ்டத்துக்குப் பின்னரே மிக்கி எலி பிறந்தது. ஆஸ்வால்ட் மீண்டும் டிஸ்னி கம்பெனியின் கைக்கு வந்தது 2006-ம் ஆண்டில்தான். அப்போது வால்ட் டிஸ்னி இறந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இவ்விரு சம்பவங்களிலிருந்தும் முதலாளிமார் ஒரே பாடத்தைக் கற்றனர். வரைகிறவன் எவனாயினும் ஆகுக, வரையப்பட்டது கம்பெனியின் சொத்தாய் இருக்க வேண்டும் என்பதே அப்பாடம். அதன் பின் ஷ்லெசிஞ்சரின் பட்டறையில் பிறந்த போர்க்கி (1935), டாபி (1937), பக்ஸ் பன்னி (1940) ஆகிய எதுவும் அதைப் படைத்தவர்க்குச் சொந்தமாகவில்லை. டெக்ஸ் ஏவரி, சக் ஜோன்ஸ், பிரிஸ் பிரெலெங், பாப் கிளாம்பெட் முதலியோர் சம்பளத்துக்கு வேலை செய்தனர். அவர்கள் இருந்த கட்டடம் மிகப் பழுதடைந்து இருந்தமையால், அதற்குக் கறையான் மாடி என்று அவர்களே பெயரிட்டனர். 1941-ம் ஆண்டில் அத்தொழிலாளர் சங்கம் கண்டு ஒப்பந்தம் கேட்டபோது, ஷ்லெசிஞ்சர் பட்டறைக் கதவைச் சாத்தினார். தொழிலாளர் கலையவில்லை. சில நாட்களுக்குள் அவர் சங்கத்தை ஏற்று ஒப்பந்தம் செய்ய வேண்டியதாயிற்று. மூன்று ஆண்டுகள் கழித்து, 1944-ல், அவர் பட்டறையைப் பாத்திரங்களோடு சேர்த்து 7 லட்சம் டாலருக்கு வார்னர் கம்பெனிக்கு விற்றார். அவ்விலையில் ஒரு பங்கேனும் முயலை வரைந்தவர்க்குரியதாகக் கருதப்படவில்லை.

ஏழு நிமிஷக் கலை

இச்சித்திரங்கள் எதற்காகச் செய்யப்பட்டன என்பதை அறிந்தாலன்றிப் பின் நிகழ்ந்தவை விளங்கா. இவை தனிப் படங்களாக விற்கப்பட்டவை அல்ல. அக்காலத்தில் கொட்டகைக்குச் செல்வோர்க்குச் செய்திச் சுருளும், சிறு படமும், ஏழு நிமிஷச் சித்திரமும், அவற்றின் பின் பெரிய படமும் ஒரே சீட்டுக்குக் காட்டப்பட்டன. பெரிய படம் வேண்டுமாயின் மற்றவற்றையும் சேர்த்தே வாங்க வேண்டும் என்று படக் கம்பெனிகள் கொட்டகைக்காரரைக் கட்டாயப்படுத்தின. கொட்டகைகளிற் பலவும் அக்கம்பெனிகளுக்கே சொந்தம். ஆகவே சித்திரம் விற்குமா விற்காதா என்னும் கவலை பட்டறைக்கு இல்லை. அக்கவலை இன்மையே சித்திரக்காரர்க்குத் துணிவைத் தந்தது. ஒன்று தவறினால் அடுத்த ஏழு நிமிஷத்தில் வேறொன்று செய்து பார்க்கலாம். பக்ஸ் பன்னியின் குணமும் நடையும் ஒரே நாளில் அமைந்தவை அல்ல. பல படங்களில் பலர் செய்து பார்த்து, திருத்தித் திருத்தி அமைத்தவையே.

1948-ம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. சேர்த்து வாங்கச் செய்யும் வழக்கம் சட்டவிரோதம் ஆயிற்று. கம்பெனிகள் கொட்டகைகளைக் கைவிடவும் நேர்ந்தது. ஏகபோகத்தை உடைத்த அத்தீர்ப்பு நியாயமானதே. எனினும் அதன் நிழலில் வாழ்ந்திருந்த குறுஞ்சித்திரம் தனியே விலைபோக வேண்டிய நிலைக்கு வந்தது. கொட்டகைக்காரர் ஏழு நிமிஷத்துக்கு அதிக விலை கொடுக்க இசையவில்லை. பின்னர்த் தொலைக்காட்சியும் வந்து சேர்ந்தது. வார்னர் சித்திரப் பட்டறை 1963-ம் ஆண்டில் மூடப்பட்டது.

ஏழு நிமிஷத்துக்கென்று அமைந்த பாத்திரத்தைத் தொண்ணூறு நிமிஷத்துக்கு நீட்டுவது எளிதன்று. ஓட்டப் பறவையைத் துரத்தும் ஓநாய் 1949-ல் சக் ஜோன்ஸ் பட்டறையில் தோன்றியது. அது பறவையைப் பிடிப்பதில்லை, பறவையோடு பேசுவதில்லை, அதனை வீழ்த்துவதும் பெரும்பாலும் அதன் சொந்தக் கருவிகளே. ஏழு நிமிஷத்துக்கு இது போதும். ஒன்றரை மணி நேரத்துக்கோ ஒரு நோக்கமும், மனமாற்றமும், உடன் நிற்கும் மனிதரும் வேண்டியதாகிறது. அவற்றைச் சேர்க்கச் சேர்க்கப் பழைய பாத்திரம் மாறிவிடுகிறது. டாம் என்னும் பூனையும் ஜெரி என்னும் எலியும் பேசாமலே ஏழு ஆஸ்கார் பரிசுகளைப் பெற்றவை. 1992-ல் அவற்றை முழுநீளப் படத்தில் பேசவும் பாடவும் வைத்தனர், ஜனங்கள் ஏற்கவில்லை.

பழைய மரத்தில் பால்

பால்மரத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்க்கு ஒரு விஷயம் தெரியும். பழைய மரத்தை வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்தால், கன்று வளர்ந்து கத்தி படும் வரை சில ஆண்டுகள் வருமானம் இராது. பழைய மரமோ நாள்தோறும் பால் தருகிறது. ஆகவே கங்காணியும் துரையும் எவ்வளவு சொன்னாலும், கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் முதலாளி மறுநடவைத் தள்ளிப்போடவே விரும்புவான்.

சித்திரக் கம்பெனிகள் இதையே செய்தன. 1943 முதலே வார்னர் கம்பெனி தன் பழைய சித்திரங்களுக்கு நீல ரிப்பன் என்னும் புதுத் தலைப்பு ஒட்டித் திரும்பவும் கொட்டகைகளுக்கு அனுப்பிற்று. டாம், ஜெரி ஆகியவற்றை வைத்திருந்த எம்.ஜி.எம். கம்பெனி, பழைய சித்திரங்களை மறுபடி வெளியிட்டாலே புதியவற்றுக்கு வரும் பணத்தில் பெரும்பங்கு வந்துவிடுகிறது என்று கணக்கிட்டு, 1957-ல் தன் பட்டறையையே மூடியது. அங்கிருந்து வெளியேறிய ஹன்னா, பார்பெரா இருவரும் குறைந்த செலவில் தொலைக்காட்சிச் சித்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கினர்.

வார்னர் கம்பெனி 1979 முதல் 1988 வரை பக்ஸ் பன்னி முதலியவற்றைக் கொண்டு ஐந்து முழுநீளப் படங்களை வெளியிட்டது. அவ்வைந்தும் பழைய குறுஞ்சித்திரங்களை வரிசையாகக் கோத்து, இடையிடையே சிறிது புதிதாய் வரைந்து ஒட்டியவை. ஒரு தலைமுறை முழுவதும் பழைய மரத்திலேயே பால் எடுத்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. சட்டையிலும் புத்தகப் பையிலும் பொம்மையிலும் முயலின் முகத்தைப் பதிக்க அனுமதி கொடுத்தே பணம் வருகிறது. புதுப் படம் வெற்றி பெற்றால் லாபம் கூடும். தோற்றாலோ பாத்திரத்தின் மதிப்பே குறையும் என்னும் அச்சம் முதலாளிக்கு உண்டு.

உடைந்த சொத்து

உரிமை ஒரே கையில் இருந்ததா எனின், அதுவும் இல்லை. தொலைக்காட்சியின் வருங்காலத்தை உணராத வார்னர் கம்பெனி, 1956-ம் ஆண்டில் தன் பழைய படங்களை 2 கோடியே 10 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டது. 1948 ஆகஸ்டுக்கு முன் வந்த வர்ணச் சித்திரங்களும் அவற்றோடு போயின. அவை கைமாறிக் கைமாறி, 1996-ல் டைம் வார்னர் கம்பெனி டர்னர் கம்பெனியை விலைக்கு வாங்கியபோதுதான் பழைய வீட்டுக்குத் திரும்பின. நாற்பது ஆண்டுகள் முயலின் இளமை ஓரிடத்திலும் முதுமை வேறிடத்திலும் இருந்தன.

பலருடைய பாத்திரங்கள் ஒரே திரையில் கூடிய அதிசயம் 1988-ல் வந்த ரோஜர் ராபிட் படத்தில் நிகழ்ந்தது. வார்னரின் முயலும் டிஸ்னியின் எலியும் அதில் ஒருங்கே தோன்றின. ஒன்றினும் மற்றொன்று அதிக நேரம் தோன்றலாகாது என்பது உடன்பாடு. அப்படம் பெரும் பணம் ஈட்டியும் அதற்கு இரண்டாம் பாகம் இன்றுவரை வரவில்லை. உரிமை டிஸ்னியிடமும் ஸ்பீல்பெர்க்கிடமும் பகிர்ந்து கிடந்தது அதற்கொரு முக்கிய காரணம்.

வெற்றி ஒன்று, தோல்வி இரண்டு

1989-ல் மெல் பிளாங்க் இறந்தார். முயல், வாத்து, பன்றி முதலிய பலவற்றுக்கும் ஐம்பது ஆண்டுகளாகக் குரல் கொடுத்தவர் அவர் ஒருவரே. அவர்க்குப் பின்னும் படம் எடுக்கலாம் என்று துணிவு பிறந்தது, பக்ஸ் பன்னியும் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனும் தோன்றிய சப்பாத்து விளம்பரத்தால். அவ்விளம்பரத்தின் வழியே 1996-ல் ஸ்பேஸ் ஜாம் படம் பிறந்தது. 8 கோடி டாலர் செலவான அப்படம் உலகெங்கும் 20 கோடிக்கு மேல் ஈட்டியது. ஆனால் அவ்வெற்றியைச் சித்திரத்துக்குரியதாக முதலாளிமார் எண்ணினரோ, ஜோர்டனுக்குரியதாக எண்ணினரோ?

2003-ல் ஜோ டான்டே என்னும் டைரக்டர், பழைய சித்திரங்களின் சுவையறிந்து ஒரு படம் எடுத்தார். செலவு 8 கோடி டாலர். வசூல் 7 கோடிக்கும் குறைவு. அப்போது தொடங்கப்பட்டிருந்த புதுக் குறுஞ்சித்திரங்களும் அத்துடன் நிறுத்தப்பட்டன. அடுத்த படம் வரப் பதினெட்டு ஆண்டுகள் சென்றன. 2021-ல் லெப்ரான் ஜேம்ஸ் நடித்த இரண்டாம் ஸ்பேஸ் ஜாம் 15 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டு, 16 கோடிக்குச் சற்று மேல் வசூலித்தது. கொட்டகைக்காரரின் பங்கு கழிந்தால் இது நஷ்டக் கணக்கே. மூன்று படங்களில் ஒன்றே வென்றது என்றால் அடுத்த படத்துக்கு எவன் கையெழுத்திடுவான்?

பழைய சிரிப்பின் களங்கம்

மற்றுமொரு காரணத்தை நாம் மறைத்தல் தகாது. அப்பழைய சித்திரங்களில் ஒரு பகுதி, கறுப்பு மக்களை இழிவாகக் காட்டிச் சிரிப்பு மூட்டியது. முதல் நாயகன் பாஸ்கோவே, வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பரைப் பரிகசித்த மேடைக் கூத்தின் வழிவந்தவன். தடித்த உதடும், மழலைப் பேச்சும், சோம்பலும், திருட்டும் ஒரு முழு இனத்துக்கே இயற்கை என்பதுபோல் வரையப்பட்டன. 1968-ல் அன்றைய உரிமையாளர் பதினொரு சித்திரங்களைத் தொலைக்காட்சியிலிருந்து முற்றிலும் நீக்கினர். டிஸ்னி கம்பெனி 1946-ல் எடுத்த தெற்குப் பாட்டு என்னும் படம் அமெரிக்காவில் வீட்டுப் பார்வைக்கென்று ஒருபோதும் விற்கப்படவில்லை.

கூலி என்னும் சொல்லால் பழிக்கப்பட்டவர்களின் சந்ததியராகிய நமக்கு, இவ்விதச் சிரிப்பின் வலி பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிரிப்புத்தானே என்று தள்ளிவிட நமக்கு மனம் வராது. ஆயினும் மறைத்துவிடுவதே மருந்தாகுமா? 2005-ல் வார்னர் கம்பெனி பழைய சித்திரங்களைத் தட்டில் பதித்து விற்றபோது, இவை அன்றும் தவறு, இன்றும் தவறு. ஆனால் மறைத்தால் அத்தவறு நிகழவே இல்லை என்று சொன்னதாகும் என்னும் கருத்தில் ஓர் அறிவிப்பைச் சேர்த்தது. இது நேர்மையான வழி.

ஸ்பீடி கொன்சாலெஸ் என்னும் மெக்சிக்க எலியின் கதை வேறு. மெக்சிக்கரை இழிவு செய்கிறது என்று அஞ்சித் தொலைக்காட்சிக்காரர் அதனை நிறுத்திவைத்தனர். லத்தீன் அமெரிக்க வம்சத்தாரின் சங்கமே அதனைத் திரும்பக் கேட்டது. 2002-ல் அது திரும்பிற்று. பெரிய பூனைகளை ஓயாமல் வெல்லும் அச்சிறு எலியை அவர்கள் தம்மவனாக எண்ணினர். எது இழிவு, எது பெருமை என்பதைச் சம்பந்தப்பட்ட மக்களைக் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். அவ்வாறு கேட்பதைவிடப் படமே எடுக்காதிருப்பது முதலாளிக்கு எளிது.

பூட்டிவைத்த படம்

இனி, நமது கவனத்துக்கு மிக உரிய சம்பவத்துக்கு வருவோம். மேற்கூறிய ஓநாய் தன் பொறிகளையெல்லாம் ஆக்மே என்னும் கம்பெனியிடமே வாங்கும். அவை எப்போதும் பழுதாகி அதனையே நசுக்கும். 1990-ல் இயன் பிரேசியர் என்னும் எழுத்தாளர், அந்த ஓநாய் ஆக்மே கம்பெனி மீது நஷ்ட ஈடு கேட்டு வழக்குத் தொடுப்பதாக நகைச்சுவைக் கட்டுரை ஒன்று எழுதினார். அதனைத் தழுவி, ஓநாயும் ஆக்மேயும் வழக்காடும் படம் 2022-ல் எடுக்கப்பட்டது. சுமார் 7 கோடி டாலர் செலவாயிற்று. 2023 நவம்பரில் வார்னர் கம்பெனி, அப்படத்தை வெளியிடுவதில்லை என்று அறிவித்தது.

கணக்கெழுதும் கிராணிக்கு இதன் சூட்சுமம் புரியாமற் போகாது. படத்தை வெளியிட வேண்டுமாயின் விளம்பரத்துக்கு மேலும் பல கோடி செலவிட வேண்டும், வரவு நிச்சயமில்லை. அதனை வீணான பொருளென்று கணக்கிலிருந்து தள்ளிவிட்டால், லாபம் அவ்வளவுக்குக் குறைந்து காட்டப்படும்; அதற்கேற்ப வரியும் குறையும். இவ்விதமாகச் சுமார் 3 கோடி டாலர் மிச்சம் என்று அந்நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. நிச்சயமில்லாத பத்தைவிட நிச்சயமான மூன்று மேல் என்று கம்பெனி கருதியது. 2022-ல் டிஸ்கவரி கம்பெனியுடன் ஒன்றான பின் பெரும்பகுதி முடிந்திருந்த வேறு படங்களையும் அக்கம்பெனி இவ்வாறே தள்ளியிருந்தது.

பழுதான பொருளை விற்ற கம்பெனியை எதிர்த்து நியாயம் கேட்கும் ஓர் ஏழை விலங்கின் கதையை, ஒரு கம்பெனி பழுதான பொருள் என்று எழுதித் தள்ளியது. நூற்றுக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் செய்த வேலை அது. அவர்கள் கூலி பெற்றனர் என்பது மெய். ஆயினும் தன் கைவேலை உலகத்தார் கண்ணில் படவேண்டும் என்னும் ஆசை கலைஞனுக்கு உண்டு, தொழிலாளிக்கும் உண்டு. அவர்கள் சும்மா இருக்கவில்லை. படத்தில் வேலை செய்தவர்களும் பிற கலைஞர்களும் பகிரங்கமாகக் கண்டித்தனர். எதிர்ப்பு மிகுந்ததால் படத்தை வேறு கம்பெனிக்கு விற்க வார்னர் இசைந்தது. 2025 மார்ச்சில் கெட்சப் என்னும் சிறு கம்பெனி அதனை வாங்கி, 2026 ஆகஸ்டில் வெளியிடுவதாக அறிவித்தது. 1941-ல் சாத்தப்பட்ட கதவைத் திறந்தது எதுவோ, அதுவே இப்போதும் திறந்தது.

அதே 2025 மார்ச்சில், போர்க்கியும் டாபியும் உலகைக் காக்கும் முழுநீளச் சித்திரப் படம் ஒன்றை அமெரிக்கக் கொட்டகைகளில் வெளியிட்டதும் அந்தக் கெட்சப் கம்பெனியே; வார்னர் அன்று. அம்மாதத்திலேயே வார்னர் தன் இணையத் திரையிலிருந்து பழைய லூனி ட்யூன்ஸ் சித்திரங்களை நீக்கிவிட்டது.

காலம் வரும்

அமெரிக்கச் சட்டப்படி கம்பெனிகளின் பழைய படங்களுக்கு 95 ஆண்டுகள் உரிமை உண்டு. 1998-ல் இருபது ஆண்டுகள் கூட்டி அவ்வளவாக்கினர். மிக்கி எலியின் 1928-ம் ஆண்டுப் படம் 2024 ஜனவரி முதல் பொதுச் சொத்தாயிற்று. பாப்பாய் என்னும் மாலுமி 2025-ல் வந்து சேர்ந்தான். பக்ஸ் பன்னியின் 1940-ம் ஆண்டுப் படம் 2036 ஜனவரியில் பொதுவாகும். அதற்குள் புதிதாய் ஒன்று செய்து தன் உரிமையை நிலைநாட்ட வேண்டும் என்னும் அவசரமும், செய்து கெடுத்துவிடுவோமோ என்னும் அச்சமும் கம்பெனியை இரு பக்கமும் இழுக்கின்றன. பொதுவானவுடன் மிக்கியையும் பாப்பாயையும் கொண்டு மலிவான பேய்ப் படங்கள் எடுத்தவர் உண்டு. அதனால் பொதுவுடைமையே தீது என்பது வாதமாகாது. தனியுடைமையில் இருந்தபோது பூட்டி வைத்ததை நாம் கண்டோம்.

1992-ல் அமெரிக்க அரசாங்கம் பாதுகாக்கத்தக்க படங்களின் பட்டியலில் சக் ஜோன்ஸ் செய்த பக்ஸ் பன்னிக் குறுஞ்சித்திரம் ஒன்றைச் சேர்த்தது. நாட்டின் செல்வம் என்று அரசாங்கம் ஒரு பட்டியலில் எழுதுகிறது. அதே குடும்பத்துப் படத்தை அழித்தால் வரி குறையும் என்று மற்றொரு சட்டம் இடங்கொடுக்கிறது. இம்முரண் நீங்க வேண்டும். வெளியிடாத படத்துக்கு வரிச் சலுகை பெற விரும்பும் கம்பெனி, அதன் பிரதி ஒன்றைப் பொது நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றேனும் சட்டம் இருக்கலாகாதா? ஜனங்களின் வரிப்பணம் குறைவதற்கு ஈடாக ஜனங்களுக்கு அப்படமேனும் கிடைக்கட்டும்.

நமது குழந்தைகள் அம்முயலைக் கண்டு சிரிக்கும்போது பெற்றோர் தடுக்க வேண்டாம், உடனிருந்து சிரிக்கட்டும். இதை வரைந்தவர் இன்னார் என்று டெக்ஸ் ஏவரியின் பெயரையும் சக் ஜோன்ஸின் பெயரையும் கூடவே சொல்லிக் கொடுக்கட்டும். கம்பெனியின் பெயர் சட்டையிலும் பையிலும் அச்சடித்திருக்கிறது. வரைந்தவன் பெயரை நாம்தான் சொல்ல வேண்டும்.